நத்தார்ப் படங்களும் சிறுவர் தீட்டிய வர்ணங்களும்

டிசெம்பர் மாதம் பிறந்ததும், உலகின் பல நாடுகளிலே சிறுவர் கைக்கு ஒரு தாள் வந்து சேர்கின்றது. கறுப்புக் கோடுகளால் மட்டும் வரையப்பட்ட படம் அதிலே இருக்கும். நீண்ட தாடியும் பருத்த உடலும் கொண்ட முதியவர் ஒருவர், கலைமான்கள் பூட்டிய சறுக்குவண்டி, ஊசியிலை மரம், அதன் உச்சியிலே ஒரு நட்சத்திரம் ஆகியனவே பெரும்பாலும் அப்படத்தின் உறுப்புகள். சிறுவன் வர்ணக்கோலை எடுக்கின்றான். முதியவரின் தாடியை வெள்ளையாகவே விட்டுவிட்டு, அங்கிக்குச் சிவப்பைத் தீட்டுகின்றான். மரத்திற்குப் பச்சையைப் பூசுகின்றான். உறைபனியைக் கண்ணாற் கண்டிராத வெப்ப நாட்டுப் பிள்ளையும் இவ்வாறே செய்கின்றது. அங்கிக்கு இன்ன நிறமே உரியது என்று அப்பிள்ளைக்கு விதித்தவர் யார்? அம்முதியவர் எந்நாட்டினர்? வெறுங்கோட்டுப் படத்தைப் பிள்ளையின் கையிற் கொடுத்து நிறந்தீட்டச் சொல்லும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், அச்சுக்கலையின் வரலாற்றையும் வணிகத்தின் வரலாற்றையும் மட்டுமன்றி, பிள்ளைகளின் உழைப்பைப் பற்றிய துயரமான வரலாறு ஒன்றையும் காண்பர்.

நத்தார் என்ற சொல்லே கடல் கடந்து வந்த சொல் என்பதை முதலிற் குறிப்பிடுதல் பொருந்தும். போர்த்துக்கீச மொழியிலே பிறப்பு விழாவைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் சொல்லே ஈழத்துத் தமிழில் நத்தார் என நிலைத்தது. சொல்லுக்கு நேர்ந்ததே கதைக்கும் நேர்ந்தது. ஒரு நாட்டிலே தோன்றிய கதை மற்றொரு நாட்டிலே வேறு உடை உடுத்தது. மூன்றாவது நாட்டிலே வேறு பெயரும் பெற்றது.

நத்தார்த் தாத்தாவின் மூலவர் புனித நிக்கொலஸ் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி. அவர் நான்காம் நூற்றாண்டிலே, இன்றைய துருக்கி நாட்டின் தென்கரையிலுள்ள மீரா என்னும் நகரத்தின் ஆயராக விளங்கியவர். அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் மூன்று கன்னியரின் கதை புகழ் மிக்கது. வறியவன் ஒருவனுக்கு மூன்று பெண்மக்கள் இருந்தனர். சீதனம் கொடுக்க வகையின்றி அவன் கலங்கியபோது, நிக்கொலஸ் இரவிலே யாரும் அறியாவண்ணம் பொன் முடிப்பை அவ்வீட்டினுள் எறிந்து சென்றார் என்பர். கொடுப்பவர் தம்மைக் காட்டிக்கொள்ளாது கொடுத்தார் என்பதே அக்கதையின் உயிர். பிற்காலத்து நத்தார்த் தாத்தா இரவிலே மறைந்து வருவதற்கும், எவரும் காணாமற் பரிசு வைத்துச் செல்வதற்கும் வேர் இங்கேதான் இருக்கின்றது.

1087 ஆம் ஆண்டிலே இத்தாலி நாட்டுக் கடலோடிகள் அவருடைய எலும்புகளை மீராவிலிருந்து எடுத்துச் சென்று பாரி நகரத்திற் சேர்த்தனர். அதன் பின்னர் அவர் புகழ் மேற்கு ஐரோப்பாவெங்கும் பரவியது. டிசெம்பர் 6 அவருக்குரிய திருநாளாயிற்று. ஒல்லாந்து நாட்டிலே அதற்கு முந்திய மாலைப்பொழுதிற் பிள்ளைகள் தம் சப்பாத்தை அடுப்பருகே வைத்து, அதனுள் அவருடைய குதிரைக்கென வைக்கோலோ கரட் கிழங்கோ இட்டு உறங்கினர். காலையிலே வைக்கோல் மறைந்திருக்கும். இனிப்புப் பண்டம் இருக்கும். அல்ப்ஸ் மலை நாடுகளிலே அவருடன் கொம்பும் சடைமயிரும் உடைய கிராம்பஸ் என்னும் பயங்கர உருவமும் வந்தது. நல்ல பிள்ளைக்கு ஆயர் பரிசளிப்பார். குறும்பு செய்த பிள்ளையைக் கிராம்பஸ் மிரட்டும். ஒல்லாந்தர் ஆட்சி நிலவிய இலங்கையிலும் அத்திருநாளின் நினைவு முற்றாக அழிந்துவிடவில்லை. 1908 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் சிறுவர்களுக்காக நிக்கொலஸ் விழாவை நடத்தி வந்தமை இதற்குச் சான்று.

இனி, கதையை விட்டுத் தாளையும் தூரிகையையும் நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, நத்தார் விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் தம்முடன் ஒரு தாளை எடுத்துச் சென்றனர். 'நத்தார்த் தாள்' என்றும் 'பள்ளித் தாள்' என்றும் அதற்குப் பெயர். தாளின் நாற்புறமும் செப்புத் தகட்டில் அச்சிட்ட சித்திரக் கரை இருக்கும். நடுவே வெற்றிடம் விடப்பட்டிருக்கும். அவ்வெற்றிடத்திலே மாணவன் தன்னால் இயன்ற அழகிய கையெழுத்தில் வேதவாக்கியத்தையோ பெற்றோருக்கு வாழ்த்தையோ எழுத வேண்டும். கரையிலுள்ள சித்திரங்கள் பெரும்பாலும் விவிலியக் கதைகளாகவே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவை கையால் வர்ணம் தீட்டப்பட்டு ஆறு பென்ஸ் விலைக்கு விற்கப்பட்டன. வர்ணம் பூசுவதற்குக் காலம் வேண்டியிருந்தமையால், அச்சகத்தார் ஆகஸ்ட் மாதத்திலேயே அச்சு வேலையைத் தொடங்கிவிடுவர்.

இத்தாளின் பயன் யாது? ஓராண்டுக் காலம் கட்டணம் செலுத்திய தந்தைக்கு, மகன் கற்றதன் சான்றாக அது விளங்கிற்று. எனவே, பெயரால் அது பரிசாயினும், உண்மையிலே ஒரு பரீட்சைத் தாளே ஆகும். ஒரு சொல் பிழைத்தாலும் ஒரு துளி மை சிந்தினாலும் மீண்டும் புதுத் தாளில் எழுத வேண்டிய அச்சம் எத்தனை பிள்ளைகளை வருத்தியிருக்கும் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் எளிதில் உணர்வர். தருமப் பாடசாலைகளிற் படித்த ஏழைச் சிறுவரோ அத்தாளை வீட்டுக்கு மட்டும் கொண்டு செல்லவில்லை. ஊரிலுள்ள செல்வர் வீடுகள்தோறும் எடுத்துச் சென்று காட்டிச் சில்லறைக் காசு பெற்றனர். செல்வச் சிறுவனுக்குப் பாராட்டைப் பெற்றுத் தந்த அதே தாள், வறிய சிறுவனுக்குக் கையேந்தும் கருவியாயிற்று.

1843 ஆம் ஆண்டு நத்தார் வரலாற்றில் நினைவு கூரத்தக்க ஓர் ஆண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1840 இல், ஒரு பென்னி முத்திரையுடன் இங்கிலாந்தின் எப்பகுதிக்கும் கடிதம் அனுப்பும் முறை வந்துவிட்டது. அம்முறையை நிலைநாட்டுவதற்கு உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல் என்பார், தம் நண்பர் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றி, ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு வாழ்த்து மடலை வரைவித்தார். அதுவே அச்சிட்ட முதல் நத்தார் வாழ்த்து மடலாகக் கொள்ளப்படுகின்றது. நடுவிலே மூன்று தலைமுறையினர் கூடியிருந்து விருந்துண்ணும் காட்சி. இரு மருங்கிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சி. சிறு பிள்ளையொன்றும் திராட்சை மது அருந்துவதாக வரைந்தமையால், மதுவிலக்கை வற்புறுத்தியோர் அம்மடலைக் கண்டித்தனர். ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் கல்லச்சிற் பதிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் கையால் வர்ணம் தீட்டப்பட்டது. விலை ஒரு ஷில்லிங்; அதாவது பன்னிரண்டு பென்ஸ். மடலை அனுப்பும் செலவிலும் மடலின் விலை பன்னிரண்டு மடங்காக இருந்தது.

அதே ஆண்டு டிசெம்பர் 19 ஆம் நாள் சார்ள்ஸ் டிக்கின்ஸ் எழுதிய 'நத்தார்க் கீதம்' என்னும் கதைநூல் வெளியாயிற்று. தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரின் நிலை குறித்து அரசாங்க ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியிருந்தது. ஒரு கண்டனப் பிரசுரம் எழுதக் கருதியவர், அதனைக் கைவிட்டுக் கதையாகவே எழுதினார். ஜோன் லீச் என்னும் ஓவியர் அந்நூலுக்கு வரைந்த படங்களுள் நான்கு வர்ணப் படங்கள். அவற்றில் ஒன்றிலே, நத்தார்க் காலத்தின் ஆவி ஒரு பருத்த மனிதனாக அமர்ந்திருக்கின்றது. அதன் அங்கி சிவப்பன்று, பச்சை என்பது கவனிக்கத்தக்கது.

முதலில் அச்சான ஆறாயிரம் பிரதிகளும் நத்தாருக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன. ஆயினும் ஆசிரியர் எதிர்பார்த்த இலாபம் கிடைக்கவில்லை. பதிப்பகத்தாரின் கணக்கை நோக்கினால் அதன் காரணம் புலப்படும். நூலை அச்சிட்ட கூலி சுமார் 74 பவுண். படங்களுக்கு வர்ணம் தீட்டிய கூலியோ 120 பவுண். ஆறாயிரம் நூல்களுக்கு நான்கு படங்கள் வீதம் இருபத்துநாலாயிரம் படங்கள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதக் கை தொட்டாக வேண்டும். கூலியைப் பங்கிட்டுப் பார்த்தால், படம் ஒன்றுக்கு ஒரு பென்னிக்குச் சற்று மேற்பட்ட தொகையே வருகின்றது. ஒரு படத்திற்கு அது சிறு தொகை. மொத்த நூலுக்கோ அது பெருஞ் செலவு.

அக்காலத்திலே வர்ணப் படம் என்றால் அதற்குப் பின்னே வரிசையாக அமர்ந்த மனிதர் இருந்தனர் என்பதை இக்கணக்கு நினைவூட்டுகின்றது. அம்மனிதருட் பலர் சிறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வெளிவந்த சிறுவர் நூல்களுக்கு வர்ணம் தீட்டியோர், பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளே. ஒரு மேசையைச் சுற்றி அவர்கள் அமர்ந்திருப்பர். ஒருவன் முன்னே நீலக் கிண்ணம். அடுத்தவன் முன்னே சிவப்புக் கிண்ணம். அதற்கடுத்தவன் முன்னே மஞ்சட் கிண்ணம். தாள் கைமாறிக்கொண்டே செல்லும். நீலம் தீட்டுபவன் நாள் முழுவதும் நீலமே தீட்டுவான். வானம் எந்தக் கதையின் வானம் என்பதை அவன் அறிய வேண்டிய தேவையில்லை. பேர்லின் நகருக்கு வடமேற்கேயுள்ள நொயிருப்பின் என்னும் ஊரிலே, குஸ்தாவ் கூன் என்பாரின் அச்சகம் மலிவான படத்தாள்களை வெளியிட்டு உலகெங்கும் விற்றது. அங்கும் ஏழைக் குடும்பத்துப் பெண்களும் சிறுவரும், வடிவம் வெட்டிய தகட்டைத் தாளின் மேல் வைத்துத் தூரிகையால் நிறம் தோய்த்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளை மகிழ்ந்து பார்த்த படத்திற்கு, வறியவர் வீட்டுப் பிள்ளையே கூலிக்கு வர்ணம் தீட்டியது.

இதனிடையே, வர்ணம் தீட்டுவதை விளையாட்டாகக் கொண்ட பிள்ளைகளும் தோன்றினர். அதற்கு வழி செய்ததும் வணிகரின் விலைப்பட்டியலே. இலண்டனில் விற்கப்பட்ட பொம்மை நாடகத் தாள்களுக்கு இரு விலைகள் இருந்தன. வர்ணம் தீட்டாத தாள் ஒரு பென்னி. வர்ணம் தீட்டிய தாள் இரண்டு பென்ஸ். கையிலே ஒரு பென்னி மட்டும் உடைய சிறுவன் வெறுந்தாளை வாங்கி, வீட்டிலே தானே வர்ணம் பூசினான். பணம் குறைந்தவனுக்கு இன்பம் கூடிற்று. 'புதையல் தீவு' என்னும் நாவலை எழுதிய றொபேட் லூயி ஸ்ரீவன்சன், எடின்பரோ நகரிலே தாம் சிறுவனாக இத்தாள்களை வாங்கிய காலத்தை 1884 இல் ஒரு கட்டுரையில் நினைவு கூர்ந்துள்ளார். வர்ணம் தீட்டிய தாளை வாங்குவோர் தீட்டும் இன்பத்தையே இழந்துவிடுகின்றனர் என்பது அவர் கருத்து. நீலத்தையும் செந்நிறத்தையும் பெயர் சொல்லி அவர் நினைந்து மகிழும் பகுதியைப் படிப்போர், ஒரு பென்னித் தாள் ஓர் எழுத்தாளனின் கற்பனையை எவ்வளவு வளர்த்தது என்பதை உணர்வர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த சிறுவரை எழுப்பிவிட்டவை இரண்டு. ஒன்று எந்திரம், மற்றொன்று பாடசாலை.

எந்திரம் என்பது வர்ணக் கல்லச்சு. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல்லாக, பல கற்களை அடுத்தடுத்து ஒரே தாளிற் பதித்து முழு வர்ணப் படத்தைப் பெறும் முறை அது. அம்முறையிலே தேர்ந்தவர் லூயி பிராங். ஜேர்மனியில் 1848 ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றதும் நாட்டை நீங்கி அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரிற் குடியேறிய அவர், 1870களில் வர்ண நத்தார் மடல்களை அச்சிட்டு, அமெரிக்க நத்தார் மடலின் தந்தை எனப் பெயர் பெற்றார். அவர் வணிகத்தோடு நில்லாது, பாடசாலைகளிற் சித்திரம் கற்பிப்பதற்கான நூல்களையும், சிறுவருக்குக் கேடு பயவாத நீர்வர்ணங்களையும் தயாரித்து அளித்தார். கையால் வர்ணம் தீட்டும் தொழிலைத் தம் எந்திரத்தால் முடிவுக்குக் கொண்டுவந்தவரே, வர்ணம் தீட்டும் கலையைப் பாடசாலைக்குள் கொண்டுசென்றார் என்பது வரலாற்றின் ஒரு விந்தை.

பாடசாலையின் பங்கும் சிறிதன்று. 1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தெங்கும் ஆரம்பப் பாடசாலைகளை நிறுவ வழி வகுத்தது. 1880 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கியது. இதற்கு ஓராண்டு முன்னர், 1879 இல், கேற் கிறீனவே அம்மையார் வரைந்த கோட்டுப் படங்களைக் கொண்டு சிறுவருக்கான வர்ணந்தீட்டும் புத்தகம் ஒன்று இலண்டனில் வெளியாயிற்று. அவ்வகை நூல்களுள் முன்னோடியாக அது மதிக்கப்படுகின்றது. நியூயோர்க் நகரின் மக்லோக்லின் சகோதரர் நிறுவனமும் அத்தகைய நூல்களைப் பரப்பியது. 1903 இல் அமெரிக்காவின் பின்னி - சிமித் நிறுவனத்தார் எட்டு நிற மெழுகு வர்ணக்கோல்களை ஒரு பெட்டியில் இட்டு ஐந்து சதத்திற்கு விற்றனர். தண்ணீரும் தூரிகையும் இன்றி, உடை கறைபடாமல், சிறு பிள்ளையும் வர்ணம் தீட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது. இவ்வாறு, ஒரு காலத்திலே பிள்ளைக்குப் பரீட்சையாகவும் கூலித் தொழிலாகவும் இருந்த ஒன்று, பிள்ளையின் சொந்த விளையாட்டாயிற்று.

படத்திலுள்ள முதியவரை மீண்டும் நோக்குவோம். பச்சை அங்கி அணிந்திருந்த அவர் சிவப்புக்கு மாறியது எவ்வாறு?

அமெரிக்காவிலே 1809 இல் வொஷிங்ரன் ஏர்விங் எழுதிய நகைச்சுவை நூலொன்று, ஒல்லாந்தர் குடியேறிய பழைய நியூயோர்க்கின் காவலராகப் புனித நிக்கொலசைச் சித்திரித்தது. 1823 டிசெம்பர் 23 ஆம் நாள் திரோய் என்னும் நகரத்துப் பத்திரிகையிலே, பெயர் குறிப்பிடாத கவிதையொன்று வெளியாயிற்று. கிளெமென்ற் கிளாக் மூர் என்பாரே அதன் ஆசிரியர் எனப் பொதுவாகக் கூறுவர். வேறொருவர் எனக் கருதுவோரும் உளர். எட்டுக் கலைமான்கள் பூட்டிய சறுக்குவண்டியும், புகைக்கூண்டு வழியாக இறங்கும் வழக்கமும் அக்கவிதையினாலேயே உலகறிந்தன. கன்னத்தின் சிவப்பையும் தாடியின் வெண்மையையும் கூறிய கவிஞர், உடை மயிர்த்தோலால் ஆனது என்று மட்டும் கூறி, அதன் நிறத்தைக் கூறாது விட்டுவிட்டார். கவிஞர் விட்ட அவ்வெற்றிடத்தை ஓவியர் நிரப்பினர்.

அவ்வோவியருள் முதன்மையானவர் தோமஸ் நாஸ்ற். ஜேர்மனியிற் பிறந்து, சிறுவனாக நியூயோர்க் வந்தவர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 ஜனவரி 3 ஆம் நாள், ஹாப்பர்ஸ் வார இதழிலே அவர் வரைந்த படமொன்றில் நத்தார்த் தாத்தா போர்ப் பாசறையிற் சிப்பாய்களுக்குப் பரிசு வழங்குகின்றார். அவர் உடையிலே வடபகுதியின் கொடியிலுள்ள நட்சத்திரங்களும் வரிகளும் காணப்படுகின்றன. பிள்ளைகளின் தாத்தாவும் போரிலே ஒரு பக்கம் சார்ந்துவிட்டார்! அப்படங்கள் கறுப்பு வெள்ளை மரச்செதுக்குப் படங்கள். 1869 அளவிலே மக்லோக்லின் சகோதரர் அவருடைய படங்களை வர்ண நூலாக வெளியிட்டபோது, தாத்தாவின் உடை சிவப்பாகக் காட்சியளித்தது. 1931 முதல் ஹடன் சன்புளொம் என்னும் ஓவியர் கொக்கா-கோலா நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு வரைந்த படங்கள் அவ்வுருவை உலகெங்கும் பரப்பின. அந்நிறுவனமே சிவப்பு நிறத்தைக் கண்டுபிடித்தது என்று பலரும் கூறுவது பிழை. அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அந்நிறம் வந்துவிட்டது.

நத்தார் மரமும் இவ்வாறே படத்தின் மூலம் பயணம் செய்தது. விக்ரோறியா மகாராணியாரின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. 1850 இல் அமெரிக்க இதழொன்று அதனை மறுபதிப்புச் செய்தபோது, அரசியாரின் முடியையும் இளவரசரின் மீசையையும் நீக்கிவிட்டது. முடி இழந்ததனால் அது ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பமாயிற்று. மரமும் அவர்களுடைய மரமாயிற்று.

சிறுவர் படங்களிலே தீட்டப்படும் நிறம் எப்போதும் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. ஒல்லாந்து நாட்டிலே, 1850 இல் யான் ஸ்கெங்க்மன் என்னும் ஆசிரியர் வெளியிட்ட படநூலிலே, புனித நிக்கொலஸ் ஸ்பெயின் நாட்டிலிருந்து நீராவிக் கப்பலில் வந்திறங்குகின்றார். அவருடன் கறுப்பு நிறப் பணியாள் ஒருவனும் வருகின்றான். ஒல்லாந்தக் குடியேற்ற நாடுகளிலே அடிமை முறை இன்னும் ஒழிக்கப்படாதிருந்த காலம் அது. சுரினாம் நாட்டிலே 1863 இல்தான் அது ஒழிந்தது. பின்னர் ஆண்டுதோறும் வெள்ளையர் முகத்திற் கரி பூசி, உதட்டிற் சிவப்புத் தீட்டி, அப்பணியாள் வேடம் புனைந்தனர். பிள்ளைகளும் அவனுடைய படத்திற்குக் கறுப்பு நிறம் தீட்டினர். கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளை விழாக் காலத்திலே பிறர் அப்பணியாளின் பெயரால் அழைத்தபோது, அப்படம் விளையாட்டாக இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது, மரபைக் காப்போம் என்போரின் மறுப்பும் வலுத்தது. 2019 ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தேசிய வரவேற்பு விழாவிலே, முழுக் கறுப்பு முகம் நீங்கி, புகைக்கூண்டின் கரி சிறிது படிந்த முகங்களே இடம்பெற்றன. மரபு என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. முன்னொரு காலத்திலே யாரோ ஒருவர் தீட்டிய வர்ணமே பின்னர் மரபெனப் பெயர் பெறுகின்றது என்பதை இது காட்டுகின்றது.

நிறைவாக, ஒரு வர்ணந்தீட்டும் புத்தகத்தின் இடத்திலே பிறந்த நாட்டார் கதையொன்றைக் கூறுதல் வேண்டும். சிக்காகோ நகரின் மொன்கொமறி வோட் என்னும் பெருங்கடை, நத்தார்க் காலத்திலே தன் கடைக்கு வரும் சிறுவர்க்கு வர்ணந்தீட்டும் புத்தகங்களை இலவசமாக வழங்கி வந்தது. பிறரிடம் வாங்கிக் கொடுப்பதிலும் தாமே ஒரு சிறு நூல் வெளியிட்டாற் செலவு குறையும் என்று 1939 இல் அதன் நிருவாகத்தார் கருதினர். விளம்பரப் பகுதியிற் பணியாற்றிய றொபேட் மே என்பாரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்திலே அவர் மனைவி புற்றுநோயாற் படுக்கையிற் கிடந்தார். நான்கு வயது மகளொருத்தி இருந்தாள். கதை முடிவுறும் முன்னரே, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மனைவி இறந்தார். வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம் என்று மேலதிகாரி இரங்கிக் கூறியும், மே இணங்கவில்லை. மகளுக்கு வாசித்துக் காட்டியே கதையை எழுதி முடித்தார்.

பளபளக்கும் சிவந்த மூக்கினால் மற்றக் கலைமான்களின் ஏளனத்திற்கு ஆளான ருடோல்ப் என்னும் கலைமான், பனிமூட்டம் சூழ்ந்த இரவிலே அம்மூக்கின் ஒளியாலேயே தாத்தாவின் வண்டிக்கு வழிகாட்டிய கதை அது. சிவந்த மூக்கு குடிகாரரை நினைவூட்டும் என்று நிருவாகத்தார் முதலில் அஞ்சினர். டென்வர் கிலன் என்னும் ஓவியரை மே விலங்குக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்று, மான்களைப் பார்த்துப் படம் வரைவித்த பின்னரே அவர்கள் இசைந்தனர். அவ்வாண்டு மட்டும் 24 இலட்சம் பிரதிகள் வழங்கப்பட்டன. போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாடு நீங்கியபின், 1946 இல் நூல் மீண்டும் வெளிவந்தது. 1947 ஜனவரியிலே கடை நிருவாகம் நூலின் உரிமையை மே அவர்களுக்கே கையளித்தது. மனைவியின் மருத்துவச் செலவாற் கடன்பட்டிருந்த அவர் அதனால் மீண்டார். 1949 இற் பாடலாகவும் அக்கதை உலகைச் சுற்றி வந்தது. மீராவின் ஆயருக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கடையொன்றின் இலவச வெளியீட்டிலிருந்து அவர் வண்டிக்கு ஒன்பதாவது மான் கிடைத்தது.

தூய நாட்டார் கதை வேறு, வணிகர் கட்டிய கதை வேறு என்று பிரிப்போர் உளர். அப்பிரிவினை முற்றும் பொருந்துவதன்று. வாழ்த்து மடலும், பள்ளித் தாளும், பென்னித் தாளும், மரத்தின் படமும் விற்பனைக்கென்றே பிறந்தவை. அவற்றுட் பிள்ளைகளின் உள்ளத்தைத் தொட்டவை நிலைத்தன, ஏனையவை மறைந்தன. ஏளனத்திற்கு ஆளான பிள்ளை எந்நாட்டிலும் உண்டாதலின் ருடோல்பின் கதை நிலைத்தது. இரவிலே பெயர் கூறாது கொடுப்பவர் எந்நாட்டிலும் போற்றப்படுவதால் நிக்கொலசின் கதை நிலைத்தது.

நத்தார் விடுமுறையிலே பிள்ளைகளிடம் கோட்டுப் படத்தைக் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நாள் முழுவதும் நீலம் மட்டும் தீட்டிய சிறுவனுக்கு, வானத்திற்கு வேறு நிறம் தெரிந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. இன்றைய பிள்ளைக்கு அவ்வுரிமை உண்டு. தாத்தாவின் அங்கிக்குப் பிள்ளை பச்சை தீட்டினால், அது பிழையென்று வர்ணக்கோலைப் பறிக்க வேண்டியதில்லை. 1843 இல் ஜோன் லீச் தீட்டுவித்ததும் பச்சையே. கோடு முன்னோர் தந்தது, நிறம் பிள்ளையினுடையது.